கூடாரம் கட்டடமா? இங்கிலாந்து பப் வாசலில் நடக்கும் நாற்காலிச் சண்டை

வணக்கம் மக்களே! ஒரு கூடாரம். துணி, கம்பம், கயிறு, அவ்வளவுதான். 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைக் கட்டடம் என்று ஏற்றுக்கொண்டது. பப் வாசலில் பெரிய குடையை நட்டுவைக்க ஆசைப்படும் முதலாளிகளுக்கு அந்தத் தீர்ப்பு இன்றும் தலைவலி. வாசலில் மேஜை நாற்காலி போடும் பப்புக்கும் அதை எதிர்க்கும் அக்கம்பக்கத்தாருக்கும் நடக்கும் சண்டைதான் இன்றைய கதை.

அதற்கு முன்னால் கொஞ்சம் பாடம். முப்பது விநாடிதான், ஓட்டிவிடாதீர்கள். தனிக் கட்டடத்தை மட்டுமல்ல, ஒரு தெருவை, ஒரு பேட்டையையே பழைய தோற்றம் கெடாமல் காக்க வேண்டிய ‘பாதுகாப்புப் பகுதி’யாக அறிவிக்கலாம் என்று 1967இல் ஒரு சட்டம் வந்தது. முதலில் அறிவிக்கப்பட்டது லிங்கன்ஷயரில் உள்ள ஸ்டாம்ஃபோர்டு. இன்று இங்கிலாந்தில் இப்படிச் சுமார் 10,000 பகுதிகள். இங்கே பிளானிங் விண்ணப்பம், அதாவது ஒன்றைக் கட்ட அனுமதி கேட்கும் மனு, வந்தால், அந்த இடத்தின் தன்மையும் தோற்றமும் கெடாமல் இருக்கிறதா என்று கவுன்சில், அதாவது உள்ளாட்சி நிர்வாகம், தனியாகக் கவனித்தே ஆக வேண்டும். முடிந்தது பாடம்.

(திரையில்: பச்சைப் புல்வெளி, பழைய செங்கல் மாளிகை)

இப்போது கூடாரக் கதை. இடம் வடமேற்கு லண்டனில் ஹாரோ. ஆமாம், நம் தமிழர்கள் நிறைய வாழும் அதே ஹாரோதான். அங்கே கிரிம்ஸ்டைக் என்று ஒரு ஹோட்டல். நார்மன் ஷா என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த 19ஆம் நூற்றாண்டு மாளிகை அது. புல்வெளியில் ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரியில் ஒரு கூடாரத்தை எழுப்புவார்கள், அக்டோபரில் பிரிப்பார்கள். நீளம் 40 மீட்டர், அகலம் 17, உயரம் 5. நம்ம ஊர் கல்யாணப் பந்தல் மூன்று நாளில் இறங்கிவிடும். இது எட்டு மாதம் நிற்கும்!

அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பிவிட்டீர்கள் என்றது கவுன்சில். இது கட்டடமே இல்லையே என்றது ஹோட்டல். விசாரித்த அரசின் பிளானிங் ஆய்வாளர் கவுன்சில் பக்கம் நின்றார், உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது, மேல்முறையீட்டில் ஆய்வாளர் சொன்னதே சரி என்று ஆனது. கட்டடமா இல்லையா என்று தீர்மானிக்கப் பார்க்க வேண்டியவை மூன்று: எவ்வளவு பெரியது, எவ்வளவு காலம் நிற்கிறது, தரையோடு எவ்வளவு இறுக்கமாகப் பிணைத்திருக்கிறார்கள். ஆண்டு முழுக்க நிற்க வேண்டும் என்றுகூட இல்லை. துணிக்குக் கட்டட அந்தஸ்து கிடைத்த இந்த வழக்கை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் ரசித்துப் படிப்பேன். என் ரசனை அப்படி, மன்னித்துவிடுங்கள்.

கிரிம்ஸ்டைக் பப் இல்லை, சரி. ஆனால் பப் சண்டையிலும் கேள்விகள் இவைதான். தரையில் போல்ட் போட்டு இறுக்கிய ராட்சதக் குடை, மரத்தளம், பெர்கோலா (தூண்கள் மேல் நிற்கும் மரப்பந்தல்) என்று வரும்போது பிளானிங் அனுமதி கேட்கப்படலாம். பாதுகாப்புப் பகுதி என்றால் கூடவே தன்மை, தோற்றம் என்ற வாதமும் வரும். சாதாரண மேஜை நாற்காலிக்கு?

இங்கேதான் 2020 வருகிறது. கொரோனா. உள்ளே முன்போல நெருக்கி உட்கார முடியாது, வெளியே உட்காரலாம். அந்த ஜூலையில் அவசரமாக ஒரு சட்டம் போட்டார்கள்: நடைபாதை லைசென்ஸ், அதாவது கடை வாசல் நடைபாதையில் மேஜை நாற்காலி போட அனுமதி. கருத்துச் சொல்ல அக்கம்பக்கத்தாருக்கு 7 நாள், முடிவெடுக்கக் கவுன்சிலுக்கு 7 நாள், கட்டணம் 100 பவுண்டுக்கு மேல் போகாது. கவுன்சில் தூங்கிவிட்டால் லைசென்ஸ் கிடைத்ததாகவே அர்த்தம்! லைசென்ஸ் வந்துவிட்டால் அந்த நாற்காலிகளுக்குத் தனியாகப் பிளானிங் அனுமதியும் வேண்டாம். தற்காலிகம் என்று வந்தது 2024 மார்ச் 31 முதல் நிரந்தரம். இப்போது 14 நாளும் 14 நாளும், புது லைசென்ஸுக்கு அதிகபட்சம் 500 பவுண்டு.

அதாவது சண்டை பிளானிங் மேஜையிலிருந்து லைசென்ஸ் மேஜைக்கு இடம் மாறிவிட்டது. மரபு, அழகு என்று பேசிக்கொண்டிருந்த குடியிருப்பாளர்களின் முக்கிய ஆயுதம் அங்கே மழுங்கிப்போனது. ஒரு பிடி மட்டும் சொல்கிறேன்: நாற்காலி சுலபமாக நகர வேண்டும், இரவில் எடுத்துவைக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

லண்டன் சோஹோவைப் பாருங்கள். அதுவும் பாதுகாப்புப் பகுதிதான். 2020இலும் 2021இலும் மாலையில் வண்டிகளை நிறுத்தி, தெருவிலேயே மேஜை போட்டார்கள். உணவகக்காரர்களுக்குக் கொண்டாட்டம். மேலே குடியிருப்பவர்களுக்குத் தூக்கம் போச்சு. 2021 செப்டம்பர் 30உடன் அந்தத் திட்டத்தை முடித்தார்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், திட்டுவதானால் கீழே திட்டுங்கள். எதிர்ப்பு மனுக்களில் எழுதுவது குடையின் நிறம், ஜார்ஜியன் முகப்பின் (18ஆம் நூற்றாண்டுப் பாணி) அழகு. உண்மையான கோபம் இரவு 11 மணிச் சத்தம்! அதை நேரடியாகச் சொல்ல வழியும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் மதுச் சட்டப்படி, தொல்லை தொடர்ந்தால் பப்பின் மது உரிமத்தையே மறுபரிசீலனை செய்யச் சொல்லி அக்கம்பக்கத்தார் விண்ணப்பிக்கலாம். ஜன்னல் வேலைப்பாட்டைக் காட்டி மனு எழுதுவதைவிட அது நேர்மையானது.

இந்த இரு தரப்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர் சக்கர நாற்காலியில் வருபவர். நடைபாதையில் 2 மீட்டர் வழி விடுவது நல்லது, இடமில்லாத இடத்தில் 1.5 மீட்டர் என்கிறது அரசின் வழிகாட்டுதல். பழைய ஊர்களின் குறுகிய தெருக்களில் அந்த 1.5 கிடைப்பதே பெரும்பாடு. ஒருவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் போதும், வழி அடைபட்டுவிடும்.

கடைசியாக ஒன்று. நடைபாதை லைசென்ஸ் நாற்காலி மேஜைக்குத்தான். கையில் பீர் கோப்பையோடு வாசலில் நின்றுகொண்டே குடிக்கும் ஐம்பது பேரை அது ஒன்றும் செய்யாது! பப்பின் மது உரிமத்தில் தனி நிபந்தனை இருந்தால்தான் உண்டு. உட்கார்ந்தால் விண்ணப்பம், நின்றால் தேவையில்லை. இது நியாயமா? லண்டனில் பப்புக்கு மேல் மாடியில் குடியிருப்பவர் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், எத்தனை மணிக்கு நாற்காலியை எடுக்க வேண்டும் என்று கமென்ட்டில் எழுதுங்கள். பப் நடத்துபவர்களும் எழுதலாம், ஆனால் சண்டை போடாமல்.