காய்ச்சலுக்கு முன்பே பணம் தயாராக இருக்க வேண்டும்

நண்பர்களே, வணக்கம்.

தொண்டை கரகரப்போடு ஒரு தொழிலாளி காலையில் கண்விழிக்கிறார். லேசான காய்ச்சல். வேலைக்குப் போவதா, வீட்டில் இருப்பதா? பெருந்தொற்றுக் காலத்தில் ஊரடங்கு, பரிசோதனை, முகக்கவசம் எல்லாவற்றையும் தாண்டி, நோய் பரவுவதும் நிற்பதும் அந்த ஒரு நிமிடத்தைப் பொறுத்தது. வாடகையும் பிள்ளைகளின் சாப்பாடும்தான் அப்போது அவர் கண்முன் நிற்கும். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலாளியையும் பாருங்கள். நான்கு பேரை வைத்து ஒரு சிறு பட்டறை நடத்துகிறார். ஒருவர் பதினான்கு நாள் வராவிட்டால் வேலையில் கால் பங்கு நின்றுவிடுகிறது. வராதவருக்கும் முழுச் சம்பளம் கொடு என்று வெறும் ஆணை மட்டும் போட்டால், அவர் எங்கே போவார்? ஊரைக் காக்கத்தான் அந்தத் தொழிலாளி வீட்டில் இருக்கிறார். அந்தச் செலவை ஊர் முழுவதும் சேர்ந்து ஏற்பதுதான் நியாயம். சம்பளத்தோடு கூடிய விடுப்புக்கு அரசு மானியம் தர வேண்டும் என்று நான் வாதாடுவது இதனால்தான்.

2020-இன் தொடக்கத்திலேயே சிங்கப்பூர் இதைச் செய்தது. கட்டாய விடுப்பில் வைக்கப்பட்ட ஒவ்வொரு ஊழியருக்கும் நாளொன்றுக்கு 100 சிங்கப்பூர் டாலர் என முதலாளிக்கு உதவித்தொகை கொடுத்தது.

அமெரிக்காவின் அனுபவத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே 2020 மார்ச் 18 அன்று ஒரு சட்டம் கையெழுத்தானது. தொற்றினாலோ தனிமைப்படுத்தலினாலோ வேலைக்கு வர முடியாதவருக்கு 80 மணிநேரம் வரை முழுச் சம்பளம். உச்சவரம்பு நாளொன்றுக்கு 511 டாலர். நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்குச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, 200 டாலர் வரை. முதலாளி முதலில் கொடுத்துவிட்டு, தான் செலுத்த வேண்டிய சம்பள வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். வரி போதாவிட்டால் அரசிடம் முன்பணம் கேட்கலாம். இதனால் பலன் இருந்ததா? இருந்தது. இந்த விடுப்பு புதிதாகக் கிடைத்த மாநிலங்களில், மாநிலத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 400 தொற்றுகள் குறைந்ததாக அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

ஆனால் அந்தச் சட்டத்தில் இருந்த ஓட்டைகள் என்னை இன்றும் வருத்துகின்றன. 500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அது பொருந்தவில்லை. நோயாளிக்கு மிக அருகில் நிற்கும் மருத்துவப் பணியாளர்களுக்கு விடுப்பை மறுக்கவும் முதலாளிகளுக்கு அனுமதி இருந்தது. விடுப்புக் கட்டாயம் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துபோனது. அடுத்து வந்த ஜனவரிதான் அந்த நாட்டில் கோவிட் மிக அதிக உயிர்களைப் பறித்த மாதம்.

பிரிட்டனிலும் இந்தத் தடுமாற்றத்தைப் பார்த்தோம். 250-க்கும் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு, ஓர் ஊழியருக்கு இரண்டு வார நோய்க்கால ஊதியத்தை அரசு திருப்பிக் கொடுத்தது. அந்த ஊதியமோ 2020 ஏப்ரலில் வாரத்துக்கு வெறும் 95.85 பவுண்டு. 2021 செப்டம்பரில் திட்டத்தை மூடினார்கள். ஓமைக்ரான் பரவியதும் டிசம்பரில் மறுபடி அறிவித்தார்கள்.

நியூசிலாந்தின் வழி எனக்குப் பிடித்தது. முழுநேர ஊழியருக்கு வாரம் 585.80 டாலர், பகுதிநேர ஊழியருக்கு 350 டாலர் என்று தெளிவான தொகை. முதலாளி விண்ணப்பித்துப் பெற்று ஊழியரிடம் சேர்க்க வேண்டியிருந்தது. சொந்தத் தொழில் செய்பவர்களும் விண்ணப்பிக்க முடிந்தது. பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பவருக்கும் 2021-இல் தனியாக ஒரு தொகை அறிவித்தார்கள். காய்ச்சலா, தொற்றா என்று தெரியாமல் தவிக்கும் அந்த இரண்டு மூன்று நாட்கள்தான் மிகவும் ஆபத்தானவை. அதை உணர்ந்து பணம் ஒதுக்கியவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

நோய் வந்த பிறகு சட்டம் எழுத உட்கார்ந்தால், முதல் சில வாரங்கள் கைநழுவிப் போகும். பரவலைத் தடுக்க வாய்ப்பு அதிகம் உள்ளதும் அந்த வாரங்களில்தான். அதனால்தான் தென்கொரியாவைக் கவனியுங்கள் என்கிறேன். 2015-இல் மெர்ஸ் என்ற சுவாசத் தொற்று அங்கே 38 பேரைப் பலிகொண்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தினார்கள். தனிமைப்படுத்தப்பட்டவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்கும் செலவை அரசு ஏற்கலாம். அரசு பணம் தந்தால் முதலாளி விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும். கோவிட் வந்து சேர்ந்தபோது அந்தப் பிரிவு ஐந்தாவது ஆண்டாகச் சட்டப் புத்தகத்தில் இருந்தது. 2020 பிப்ரவரியிலேயே, நாளொன்றுக்கு 1,30,000 வோன் வரை தருவதாகச் சொல்லி விண்ணப்பங்களை வாங்கத் தொடங்கிவிட்டார்கள்.