ஒரே 57, இரண்டு தீர்ப்பு

எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு கணக்கோடு ஆரம்பிக்கிறேன். பயப்பட வேண்டாம், சின்னக் கணக்குதான். 2023 நவம்பரில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டத்தில் எழுதிவிடலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். நூற்றுக்கு 57 பேர் எழுதலாம் என்றார்கள். எழுதியாயிற்று. ஒரு வருடம் கழித்து, 2024 நவம்பரில், ஃபுளோரிடாவில் ஏறக்குறைய அதே கேள்வி. அங்கேயும் நூற்றுக்கு 57. ஆனால் தோல்வி. ஆறு வாரத்துக்கு மேல் கருக்கலைப்பு கூடாது என்ற சட்டம் அங்கே நிலைத்துவிட்டது.

இது எப்படி என்று அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால், இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் மனதில் ஓடுவதை நானே சொல்லிவிடுகிறேன்: “நாங்கள் ஆதரவுதான். இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?” மனதுக்குள் வைத்திருக்கும் ஆதரவை எந்தத் தேர்தல் அதிகாரியும் எண்ணுவதில்லை. அதனால்தான் இந்தக் கதைகளைச் சொல்ல வந்தேன்.

அயர்லாந்தை எடுத்துக்கொள்வோம். 1983இல் அந்த நாட்டு அரசியல் சட்டத்தில் எட்டாவது திருத்தம் வந்தது. கருவில் இருக்கும் உயிருக்கும் தாய்க்கும் உயிர் வாழும் உரிமை சமம் என்றது அது. இதை யாரோ நாலு பேர் இரவோடு இரவாகக் கொண்டுவரவில்லை. பொதுவாக்கெடுப்பு நடந்து, மூன்றில் இரண்டு பங்கு மக்கள் ஆதரித்துச் சேர்த்தது. ஓட்டால் போட்ட பூட்டு. அந்நாட்டு அரசியல் சட்டத்தை மக்கள் ஓட்டு இல்லாமல் திருத்த முடியாது என்பதால், திறப்பதற்கும் ஓட்டுத்தான் சாவி.

அந்தப் பூட்டுக்கு உள்ளே என்ன நடந்தது? 2012 அக்டோபரில் கால்வே நகரில் சவிதா ஹலப்பனவர் என்ற பல் மருத்துவர், வயது 31, கர்நாடகத்திலிருந்து போய்க் குடியேறியவர், 17 வார கர்ப்பத்தோடு மருத்துவமனைக்குப் போனார். கரு தங்காது என்று தெரிந்துவிட்டது. கலைத்துவிடுங்கள் என்று கேட்டார். கருவின் இதயத் துடிப்பு இன்னும் கேட்கிறது, முடியாது என்றார்கள். அந்தத் துடிப்பு நிற்பதற்காகக் காத்திருந்த நாட்களில் கிருமி இரத்தத்தில் ஏறியது. அக்டோபர் 28ஆம் தேதி இறந்துபோனார்.

மெழுகுவர்த்தியோடு ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். ஆனால் அந்த மெழுகுவர்த்தியிலிருந்து வாக்குப்பெட்டிக்குப் போய்ச் சேர அவர்களுக்கு ஐந்தரை வருடம் ஆனது. இடையில் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குலுக்கல் முறையில் 99 சாதாரணக் குடிமக்களைத் தேர்ந்தெடுத்து ஒரு மன்றம் அமைத்தார்கள். அவர்கள் பல வார இறுதிகள் உட்கார்ந்து மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், இரண்டு தரப்பு ஆர்வலர்கள் என்று எல்லோரையும் கேட்டுவிட்டு, இந்தத் திருத்தம் இப்படியே இருக்கக் கூடாது என்று சொன்னார்கள். அப்புறம் வீடு வீடாகப் படியேறல். பல பத்தாண்டுகளாக, ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான அயர்லாந்துப் பெண்கள் கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போய்க் கலைத்துவிட்டு, வாயே திறக்காமல் திரும்பி வந்தார்கள். அவர்களில் பலர் முதல் தடவையாகப் பெயர் சொல்லிப் பேசினார்கள்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் அயர்லாந்துக்காரர்களில் பெரும்பாலோருக்குத் தபால் ஓட்டு கிடையாது. போய் 18 மாதம் ஆகாதவர்கள் நேரில் வந்தால் போடலாம். வந்தார்கள், விமானத்திலும் கப்பலிலும். 2018 மே 25ஆம் தேதி நூற்றுக்கு 66 பேர் திருத்தத்தை நீக்கச் சொன்னார்கள். நாற்பது தொகுதிகளில் டோனிகால் ஒன்றுதான் வேண்டாம் என்றது. டப்ளினில் ஒரு சுவரில் சவிதாவின் முகத்தை வரைந்திருந்தார்கள். ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர்கள் அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் காகிதங்களை ஒட்டினார்கள். பலவற்றில் ‘மன்னித்துவிடு’ என்று இருந்தது.

இங்கே ஒன்று. அந்த 66 பேரும் கருக்கலைப்பை விரும்புகிறவர்கள் என்று நான் நினைக்கவில்லை. கருவும் உயிர்தான் என்று மனதார நம்புகிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். ‘நீ செய்வாயா?’ என்று கேட்டால் ஒரு பதில் வரும். ‘இன்னொருத்தி செய்யலாமா கூடாதா என்று அரசாங்கம் முடிவு செய்யட்டுமா?’ என்று கேட்டால் வேறு பதில் வரும். வாசலில் நின்று பேசுகிறவர்கள் இரண்டாவது கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

சரி, அமெரிக்கா. அரை நூற்றாண்டாக நாடு முழுக்க இருந்த உரிமையை 2022 ஜூன் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது. இனி அந்தந்த மாநிலம் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. ஆறே வாரத்தில் கான்சஸ் மாநிலத்தில் வாக்கெடுப்பு. இரண்டு வருடம் முன்புதான் டிரம்ப் 15 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த மாநிலம். வாக்கெடுப்பை வைத்தது நவம்பரில் அல்ல, ஆகஸ்டில், கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் நாளில். எந்தக் கட்சியிலும் இல்லாதவர்களுக்கு அன்று வழக்கமாக வேலையே கிடையாது. அது மட்டுமா? சீட்டில் ‘ஆம்’ என்று போட்டால், மாநில அரசியல் சட்டத்தில் இருந்த பாதுகாப்பு போய்விடும். உரிமை வேண்டும் என்பவர்கள் ‘இல்லை’ என்று போட வேண்டும். இது போதாதென்று, முதல் நாள் பலருடைய கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: பெண்களுக்குத் தேர்வுரிமை வேண்டுமா, ‘ஆம்’ போடுங்கள் என்று. அப்பட்டமான பொய்.

அந்தப் பொய்யை முறியடித்தது மேடைப் பேச்சு இல்லை. (மேடையில் நின்றுகொண்டு இதைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.) ‘ஆம் என்றால் இல்லை, இல்லை என்றால் ஆம்’ என்பதைத் தெருத்தெருவாகச் சொல்லித் திரிந்தவர்களும், அந்த ஆறு வாரத்தில் போய்ப் பெயர் பதிந்துகொண்ட பெண்களும்தான். 9 லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது. நான்கு வருடம் முன்பு இதே ஆகஸ்ட் தேர்தலில் விழுந்தது ஏறக்குறைய அதில் பாதி. நூற்றுக்கு 59 பேர் சரியாக ‘இல்லை’யில் குறி வைத்தார்கள்.

இப்போது அந்த 57க்கு வருகிறேன். ஒஹாயோவில் ஒரு கோரிக்கை வாக்குச்சீட்டில் ஏறவே லட்சக்கணக்கில் கையெழுத்து வேண்டும். தலைநகரில் மட்டும் வாங்கினால் போதாது, 88 மாவட்டங்களில் 44இலாவது குறிப்பிட்ட அளவு வாங்க வேண்டும். தொண்டர்கள் அட்டையும் பேனாவுமாக அலைந்து 7 லட்சத்துக்கு மேல் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சரிபார்த்ததில் தேறியது 5 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மற்றவை தள்ளுபடி. அதிகமாக வாங்கி வைத்ததால் பிழைத்தார்கள்.

எதிர்த் தரப்பும் தூங்கவில்லை. நவம்பர் வாக்கெடுப்புக்கு மூன்று மாதம் முன்பு, ஆகஸ்டில், தனியாக ஒரு வாக்கெடுப்பு வைத்தார்கள். இனி அரசியல் சட்டத்தைத் திருத்த 60 சதவீதம் வேண்டும், கையெழுத்து 88 மாவட்டத்திலும் வேண்டும் என்று. அதில் கருக்கலைப்பு என்ற சொல்லே இல்லை. விதிமுறை சம்பந்தப்பட்ட ஒரு சலிப்பூட்டும் கேள்வி, நம்மில் பலர் வீட்டிலேயே இருந்திருப்போம். ஒஹாயோ மக்கள் போய் அதைத் தோற்கடித்தார்கள். அன்று போகாமல் இருந்திருந்தால் நவம்பரின் 57 வெறும் எண்ணாகப் போயிருக்கும்.

ஃபுளோரிடாவில் அதுதான் ஆனது. அங்கே 60 சதவீத விதி ஏற்கெனவே இருக்கிறது. 60 லட்சம் பேருக்கு மேல் ஆதரித்தும் போதவில்லை. அன்று அதே மாநிலத்தை டிரம்ப் ஜெயித்தது 56 சதவீதத்தில்! அந்த 60 சதவீத விதி எப்போது வந்தது தெரியுமா? 2006இல், மக்கள் ஓட்டில்தான். எத்தனை சதவீதத்தில் நிறைவேறியது? 58க்கும் சற்றுக் குறைவு. தான் போட்ட தடையைத் தானே தாண்டாத விதி. பதினெட்டு வருடம் கழித்து அது யார் தலையில் விழப்போகிறது என்று அன்று எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்?

கடைசியாகப் போலந்து. 2020இல் அந்நாட்டு அரசியல் சட்டத் தீர்ப்பாயம், கருவில் கடுமையான குறைபாடு இருந்தாலும் கலைக்கக் கூடாது என்றது. குளிரிலும் பெருந்தொற்றுக் காலத்திலும் பெண்கள் தெருவை நிறைத்தார்கள். 2023 அக்டோபர் தேர்தலில் 74 சதவீத வாக்குப்பதிவு. வ்ரோத்ஸ்வாஃப் நகரின் ஒரு வாக்குச்சாவடியில் விடியற்காலை மூன்று மணி வரை வரிசை நின்றது. ஆட்சி மாறியது. ஆனால் 2024 ஜூலையில், கருக்கலைப்புக்கு உதவுகிறவர்களைச் சிறைக்கு அனுப்ப வேண்டாம் என்ற மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவு 215, எதிர்ப்பு 218. எதிர்த்தவர்களில் புதிய ஆளும் கூட்டணிக்காரர்களும் உண்டு. வாக்கெடுப்புக்கு வராதவர்களும் உண்டு.

யார் எந்தப் பக்கம் கை தூக்கினார்கள் என்ற பட்டியல் அங்கே பெயர் வாரியாக வெளியாகிறது. விடியற்காலை மூன்று மணி வரை நின்றவள் நானாக இருந்தால், அந்தப் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் விரித்துக் காட்டுவேன்.

நன்றி. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.