கேன்சர் டொக்டராகணுமா? மட்டக்களப்பு, அம்பாறை பயோ புள்ளைகளுக்கு

எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். ஏ.எல் பயோ செய்ற தம்பி தங்கச்சிமார் கேன்சர் டொக்டராகிறதுக்கு எந்த வழியால போகணும் எண்டு கேக்கிறாங்க, அதான் இந்த வீடியோ. முதல்ல விளங்கிக்கொள்ளுங்க, கேன்சர் டொக்டர் எண்டா ஒரே ஆள் இல்ல. கட்டிய வெட்டி எடுக்கிறவர் ஒன்கோ சர்ஜன், அவர் சர்ஜரி படிச்சிட்டுத்தான் அங்க போவார். மருந்து ஏத்துறது, ரேடியேசன் குடுக்கிறது ரெண்டையும் பாக்கிறவர் கிளினிக்கல் ஒன்கொலஜிஸ்ட். சில நாடுகள்ல இதுக்கு வேற வேற டொக்டர்மார், நம்மட நாட்டுல பெரும்பாலும் ஒராள்தான்.

[திரையில்: ஏ.எல்ல இருந்து கன்சல்டன்ட் (விசேட டொக்டர்) வரைக்கும் பாதை]

கெம்பஸ் எடுக்கிறதுல 40 வீதம் நாடு முழுக்க மெரிட், 55 வீதம் மாவட்ட அடிப்படை, அதால கொழும்புட இசட் ஸ்கோர (ஏ.எல் மார்க்ஸ வச்சி கணக்குப் பாக்கிற புள்ளி) பாத்து மனசு விட்டுராம நம்மட மாவட்டத்துட கட்ஓஃப, அதாவது எடுபடத் தேவையான ஆகக்குறைஞ்ச ஸ்கோர, பாருங்க. மெடிசின் 5 வருசம், கிழக்குப் பல்கலைக்கழகத்துட மருத்துவபீடம் மட்டக்களப்புலயே இரிக்கு. படிப்பு இங்கிலிஷ்ல, அத இப்பவே தொடங்குங்க. பிறகு 1 வருசம் இன்டர்ன்ஷிப், கொஞ்ச காலம் ஆஸ்பத்திரி வேல, மறுகா கொழும்பு பி.ஜி.ஐ.எம் (டொக்டர்மார் மேல்படிப்பு படிக்கிற நிறுவனம்) எக்ஸாம் பாஸ் பண்ணி எம்.டி கிளினிக்கல் ஒன்கொலஜி, மஹரகம அபேக்ஷா கேன்சர் ஆஸ்பத்திரி மாதிரி இடத்துல ட்ரெய்னிங், வெளிநாட்டு ட்ரெய்னிங்கும் முடிச்சாத்தான் கன்சல்டன்ட். நீண்ட பாததான், ஆனா ட்ரெய்னிங் காலத்துல அரசாங்க டொக்டராவே சம்பளம் வரும், வீட்டாக்களுக்கு இத சொல்லி வைங்க.

[திரையில்: வெத்திலத் தட்டம்]

சரி, அங்க போய் என்ன பாக்கப்போறீங்க? நம்மட நாட்டுல ஆம்பிளைகளுக்கு ஆகக்கூட வாறது வாய்க் கேன்சர். பொயில போடல்ல, வெறும் பாக்குத்தான் எண்டு கனபேர் சொல்லுவாங்க, பாக்கு மட்டுமே கேன்சர் குடுக்கும் எண்டு உலக சுகாதார நிறுவனத்துட கேன்சர் ஆராய்ச்சி நிலையம் 2004லயே சொல்லிட்டு. அதுக்கு முன்னுக்கு கன்னத்துக்கு உள்பக்கம் இறுகி வரும், காரம் சாப்பிட ஏலாது, மூணு விரல நிமித்தி ஒண்டுக்கு மேல ஒண்டா முன்பல்லு இடைக்குள்ள வைக்கச் சொன்னா ரெண்டுதான் போகும். அந்த நேரமே ஆள் வந்தா எவ்வளவோ செய்யலாம். புண் பெருத்து கழுத்துல கட்டி வந்தாப் பிறகு வந்தா வெட்டு, ரேடியேசன், மருந்து எல்லாம் தேவப்படும்.

ரேடியேசனுக்கு முகம் அசையக்கூடா, அதுக்கு ஓட்ட ஓட்டயான பிளாஸ்டிக் ஷீட் ஒண்ட சுடுதண்ணில போட்டு இளக்கி, ஆள்ட முகத்துல வச்சி அமுக்குவாங்க, ஆறினோடன அவர்ட மூக்கு நாடி அச்சோட மாஸ்க் ஆகிடும். ஒவ்வொரு நாளும் அதப் போட்டு மேசையோட பூட்டித்தான் ரேடியேசன், கிழமைக்கு அஞ்சு நாள், ஆறேழு கிழம. பொத்துவில்ல இருந்து வாற ஒரு மீன்பிடிக்காரருக்கு அவ்வளவு நாளும் தொழில் இல்ல, பஸ் காசு வேற. எங்கட பாஷயில அவரோட கதச்சி, இடையில விட்டுட்டுப் போகாமப் பாக்கிற டொக்டர் இஞ்ச கட்டாயம் வேணும், நான் உங்களப் படிங்க படிங்க எண்டு சொல்றதும் அதுக்குத்தான்.

இன்னொண்டு. மெடிசினுக்கு ஸ்கோர் கொஞ்சம் காணாட்டி டென்டல விட்டுராதீங்க. பேராதனையில டென்டல் முடிச்சி, பி.ஜி.ஐ.எம்ல முகம் தாடை சர்ஜரி செஞ்சாக்கள்தான் வாய்க் கேன்சர்ல கனக்க ஒபரேசன் செய்றாங்க. கெம்பஸ் ஃபோம் நிரப்பக்குள்ள மெடிசினுக்குக் கீழ அதையும் போடுங்க.