குழந்தை வளர்ச்சியைப் புரிந்துகொள்ள மரபணு அறிவு கைகொடுக்குமா, கலங்கடிக்குமா? ‘கைகொடுக்கும்’ அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

எதிரணியில் எனக்கு முன் பேசிய அம்மா ஒரு பயத்தைச் சொன்னார். “மரபணுக் கோளாறு என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், பெற்றோர் அதையே தலையெழுத்தாக எடுத்துக்கொண்டு பிள்ளையைக் கைவிட்டுவிடுவார்கள்” என்றார். நியாயமான பயம்தான். ஆனால் நடந்தது வேறு, நடுவர் அவர்களே.

நார்வேயில் ஒரு தாய். மகளுக்குச் சில சொற்களுக்கு மேல் பேச்சு வரவில்லை. மகன் நடக்கவே இல்லை. இரண்டு பேருடைய சிறுநீரிலும் ஏதோ ஒரு வாடை வருவதைக் கண்டுபிடித்தவரும் அந்தத் தாய்தான். ஏன் என்று கேட்டு மருத்துவர் மருத்துவராக அலைந்தார். 1934-ல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் அந்தச் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு என்ற வேதிப்பொருளைச் சேர்த்துப் பார்த்தார். பச்சையாக மாறியது! இன்று பீனைல்கீட்டோனூரியா என்கிறோமே, அது பிடிபட்டது இப்படித்தான்.

நாம் சாப்பிடும் புரதத்தில் ஃபீனைல் அலனைன் என்றொரு பொருள் உண்டு. அதை உடலுக்குள் வேறொன்றாக மாற்றும் நொதிக்கான மரபணு இந்தக் குழந்தைகளுக்குப் பழுது. அதனால் அந்தப் பொருள் இரத்தத்தில் தேங்கி மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. பிறக்கும்போது நன்றாக இருக்கும் பிள்ளை, பால் குடிக்கக் குடிக்கப் பின்தங்குகிறது. எந்தத் தாய்க்கு இது தானாகத் தெரியும்?

சரி, தெரிந்ததும் கைவிட்டார்களா? இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹோர்ஸ்ட் பிக்கல் குழுவினர், ஃபீனைல் அலனைனைக் குறைத்த உணவை ஒரு சிறுமிக்குக் கொடுத்தார்கள். நிற்கக்கூட முடியாமல் இருந்தவள் தவழ ஆரம்பித்தாள். 1953-ல் அதை வெளியிட்டார்கள். அப்புறம் 1960-களில் ராபர்ட் கத்ரி, பச்சிளங்குழந்தையின் குதிகாலில் குத்தி, தாளில் ஒற்றி எடுக்கும் இரத்தத் துளியிலேயே இந்தக் குறையைக் கண்டுபிடிக்க வழி செய்தார். குறை மரபணுவில், மருந்து சாப்பாட்டில். இதையா தலையெழுத்து என்கிறீர்கள்?

அடுத்து, பழி. ஆட்டிசம் வருவதற்குத் தாயின் அன்பில்லாமைதான் காரணம் என்று மேலை நாடுகளில் படித்தவர்களே பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். எத்தனை தாய்மார்கள் அதைக் கேட்டு உடைந்திருப்பார்கள்! 1977-ல் ஃபோல்ஸ்டீன், ரட்டர் என்ற இரு ஆய்வாளர்கள், ஒருவருக்காவது ஆட்டிசம் இருந்த 21 ஜோடி இரட்டையரை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த, அதாவது ஒரே மரபணுக்கள் கொண்ட 11 ஜோடிகளில் 4 ஜோடிகளுக்கு இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. “11-ல் 4 தானே” என்று எதிரணி கேட்கலாம். உண்மை, மரபணு மட்டுமே எல்லாம் இல்லை. நாங்களும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ‘பாசமில்லாதவள்’ என்ற பழி ஆட்டம் கண்டது அந்தக் கணக்கில்தான்.

நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? பிள்ளைக்கு ஒரு குறை என்றால் முதல் பேச்சு மருமகள் மேல்தான். பீனைல்கீட்டோனூரியா வர வேண்டுமானால் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான பிரதிகள் சேர வேண்டும். அத்தை மகன், மாமன் மகள் கட்டும் வீடுகளில் அந்தச் சேர்க்கைக்கு வாய்ப்பு கூடுதல். இதை மாமியாருக்குப் புரியவைத்தால் அந்தப் பெண்ணின் கண்ணீர் பாதி நிற்கும், ஐயா.

அந்த நார்வேத் தாய்க்கு விடை கிடைத்தபோது அவர் பிள்ளைகளுக்குக் காலம் கடந்திருந்தது. இன்று ஒரு சொட்டு இரத்தம் போதும். ஆனால் நம் நாட்டில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அந்தச் சோதனை இன்னும் எட்டவில்லை. எட்ட வேண்டும் என்று கேட்கும் அணி எங்களுடையது. தீர்ப்பு உங்களுடையது, நடுவர் அவர்களே. வணக்கம்.