சுவரில் தொங்கும் அரிசி

நேயர்களுக்கு வணக்கம். ஊர்த் திருவிழாக்களில் உணவுக்கு என்ன இடம் என்பதை நெடுங்காலமாகக் கவனித்து வருகிறவன் நான். அந்த ஆர்வத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டின் லுக்பான் என்னும் சிற்றூரில் ஆண்டுதோறும் மே 15ஆம் நாள் நடைபெறும் பஹியாஸ் விழாவைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன்.

மணிலாவுக்குத் தென்கிழக்கே, கெசோன் மாகாணத்தில், பனஹாவ் மலையின் அடிவாரத்தில் லுக்பான் அமைந்துள்ளது. விழா, உழவர்களின் பாதுகாவலரான புனித இசிதோருக்கு உரியது. மாட்ரிட் நகரத்தை ஒட்டிய நிலங்களில் கூலிக்கு ஏர் ஓட்டிய அவர் செபத்தில் ஆழ்ந்திருக்கையில், வானதூதர்கள் வந்து அவருடைய வயலை உழுதார்கள் என்பது மரபுக் கதை. 1622ஆம் ஆண்டு, நம் கடற்கரை ஊர்கள் நன்கறிந்த சவேரியாருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்ட அதே நாளில்தான் இசிதோருக்கும் அளிக்கப்பட்டது. முற்காலத்தில் விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுசென்று நன்றி செலுத்தியவர்கள், பின்னர் அதைத் தத்தம் வீட்டு முகப்பிலேயே அழகுற அடுக்கி வைத்துப் பவனியை எதிர்கொள்ளத் தொடங்கினார்கள் என்று ஊரார் கூறுகிறார்கள்.

நெற்கதிர், பூசணி, முள்ளங்கி, ஊரிலேயே பின்னிய ஓலைத்தொப்பி என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் சுவரில் ஏறுகிறது. ஆயினும் பார்ப்பவர் கண் முதலில் போய் நிற்பது கிப்பிங் என்னும் அரிசித் தகட்டின் மீதுதான். நம் வீடுகளில் இலை வடாம் இட்டவர்களுக்கு அதன் செய்முறையை விளக்கவே வேண்டாம். அரிசியை ஊறவைத்து அரைத்து, உப்பும் வண்ணமும் கலந்து, நரம்பு எடுப்பாகத் தெரியும் அகன்ற இலையின் மேல் மெல்லியதாகப் பூசி, மிகுந்த மாவை வழியவிட்டு, ஆவியில் வேகவைக்கிறார்கள். காப்பி இலையும் நாட்டுவாதுமை இலையும்கூட இதற்குப் பயன்படுகின்றன. வெந்ததை ஆறவிட்டு இலையிலிருந்து உரித்து, சுருண்டுவிடாதபடி பாரத்தின் அடியில் அடுக்கிக் காயவைக்கிறார்கள். சூடு அடங்குமுன் கை வைத்தால் கிழிந்துவிடும். அளவுக்கு மேல் காய்ந்தால் விரல் பட்டாலே நொறுங்கிவிடும். சரியாக உரிந்து வந்த தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இலையின் ஒவ்வொரு நரம்பும் அதில் பதிந்திருப்பது தெரியும். நம் சமையலறைகளில் பெரும்பாலும் இலை போய் எவர்சில்வர் தட்டு வந்துவிட்டது. தட்டில் வார்த்தாலும் வடாமின் சுவை குறைவதில்லை என்பதால் நாமும் அதைப் பொருட்படுத்தவில்லை. லுக்பானில் அந்த நரம்புகளே அழகு என்பதால் இலையை விட்டுவிட வழியில்லை. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமான இத்தகடுகளை அடுக்கடுக்காகக் கோத்துச் சரவிளக்குப் போலத் தொங்கவிடுவதற்கு அராங்யா என்று பெயர். ஒரு வீட்டுக்கு வேண்டிய தகடுகளைச் செய்து முடிக்கப் பல வார உழைப்பு தேவைப்படுகிறது. அவ்வளவும் ஒரு சாரல் மழைக்குத் தாங்காது.

இவ்வளவு உழைப்பையும் செலவையும் ஒரு குடும்பம் எப்படித் தாங்குகிறது என்று நேயர்கள் கேட்கலாம். என்னைப் பெரிதும் கவர்ந்த ஏற்பாடு இங்கேதான் இருக்கிறது. பவனி செல்லும் தெருக்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. அந்தந்த ஆண்டுப் பாதையில் உள்ள வீடுகளே பெரிய அளவில் அலங்கரிக்கின்றன. ஆகவே பெருமையும் சுற்றி வருகிறது, சுமையும் சுற்றி வருகிறது. திரும்பவும் சொல்கிறேன், சுமையும் சுற்றி வருகிறது. ஒரே நான்கு வீதிகளுக்கு மட்டும் விழா உரிமையாகிப் போன ஊர்களை நான் பார்த்திருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறந்த அலங்காரத்துக்குப் பரிசும் உண்டு; பரிசுக்காகவே சில வீடுகள் அளவு மீறிப் போகின்றன என்பது என் கருத்து. இருந்தும் அடுத்த ஆண்டு பாதை வேறு பக்கம் திரும்பிவிடுவதால் அந்தப் போட்டி ஒரே தெருவில் வேரூன்றிவிடுவதில்லை.

அதே நாளில் அண்டை ஊரான சரியாயாவில், தின்பண்டங்கள் கட்டிய மூங்கில்களைப் பவனி கடந்த மறுகணமே மக்கள் பாய்ந்து பறித்துக்கொள்கிறார்கள். தயாபாஸில் சூமான் என்னும், ஓலையில் பொதிந்த பசையரிசிப் பண்டத்தைக் கூட்டத்தை நோக்கி வீசுகிறார்கள். லுக்பானின் கிப்பிங்கையும் விழாவுக்குப் பிறகு பொரித்துத் தின்னலாம்.

கடிகாரத்தைப் பார்க்கும்படி நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். பூண்டு மணக்கும் லொங்கனீசா என்ற பன்றித் தொத்திறைச்சியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். அதையும் சன்னல்களில் மாலையாகத் தொங்கவிடுவார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பன்சித் ஹப்ஹப் என்ற நூடுல்ஸ் உணவை மட்டும் விட்டுவிட மனமில்லை. வாழையிலைத் துண்டில் வைத்துத் தரும் அதன்மேல் வினிகரை ஊற்றி, கரண்டியோ முட்கரண்டியோ இல்லாமல், இலையை வாயருகே தூக்கி அப்படியே உண்ண வேண்டும். தெருவில் நின்றபடி உண்பவர்கள் சட்டையில் வினிகர் வழியாமல் பார்த்துக்கொள்வது நல்லது. நன்றி, வணக்கம்.