நாற்பது வரியில் லாம்பர்ட்

எல்லோருக்கும் வணக்கம். கால்குலேட்டர் வைத்திருப்பவர்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எண், அதற்கு அதுவே அடுக்கு, விடை 2. அந்த எண் எது? பள்ளியில் படித்த இயற்கணிதம் இங்கே கைவிரித்துவிடும். விடை ஏறத்தாழ 1.5596. அதை எடுத்துக் கொடுப்பது லாம்பர்ட் டபிள்யூ சார்பு. டபிள்யூவை ஈயின் டபிள்யூ அடுக்கால் பெருக்கினால் எக்ஸ். (ஈ என்றால் பறக்கிற ஈ இல்லை, 2.71828.) எக்ஸைத் தருகிறேன், டபிள்யூவைச் சொல், அவ்வளவுதான். கணித அறிஞர் லாம்பர்ட் 1758இல் இதையொட்டிய சமன்பாட்டைத் தொட்டார். பின்னால் ஆய்லரும் தொட்டார். இன்று எல்லோர் வாயிலும் இந்தப் பெயர் அடிபடுவதற்கு 1996இல் கணினி அறிஞர் நூத் உட்பட ஐந்து பேர் எழுதிய கட்டுரை பெரிய காரணம்.

நான் இதற்கு நாற்பது வரியில் ஒரு சின்ன புரோகிராம் லைப்ரரி எழுதினேன். உள்ளே இருப்பது நியூட்டன் முறைதான்: ஓர் ஊகத்தில் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று அதைத் திருத்திக்கொண்டே போவது. எக்ஸ் 1 என்று வையுங்கள். 0.5 என்று குத்துமதிப்பாகத் தொடங்கினால் அடுத்த சுற்றில் 0.57102, அதற்கடுத்து 0.567155, மூன்றாவதில் 0.567143290. ஒன்பது தசம இடமும் சரி. மூன்றே சுற்று! எனக்குத் தலைகால் புரியவில்லை.

கோளாறு வேறு இடத்தில் இருந்தது. எக்ஸ், மைனஸ் 0.367879 பக்கம், அதாவது மைனஸ் ஒன்று கீழ் ஈ பக்கம் போனால், டபிள்யூவும் மைனஸ் ஒன்றை நெருங்கும். நியூட்டன் வாய்பாட்டின் வகுக்கும் எண் பூஜ்யத்தை நெருங்கும். விடையைத் திரும்பப் பெருக்கிப் பார்க்கும் சோதனை வைத்திருந்தேன். அது பாஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஏன் தெரியுமா? வளைவு அங்கே தட்டையாகக் கிடக்கிறது. டபிள்யூவில் எட்டாவது தசமத்தில் தப்பு செய்தால், பெருக்குத்தொகையில் அது பதினேழாவது தசமத்தில்தான் தெரியும். டபுள், அதாவது கணினி வழக்கமாகத் தசம எண்ணை வைத்துக்கொள்ளும் வடிவம், அதற்கு அவ்வளவு கண் கிடையாது. பதினாறு இலக்கம் உள்ளே போகிறது, எட்டுதான் உருப்படியாக வெளியே வருகிறது.

அந்த ஓரத்தில் இப்போது நியூட்டனைக் கூப்பிடுவதில்லை. வர்க்கமூலத்தில் அமைந்த தொடரைப் போடுகிறேன். ஒன்று கீழ் ஈயையும் ஒரே எண்ணாக வைக்காமல், பெரிய துண்டு, அதில் விட்டுப்போன மிச்சம் என்று இரண்டாக வைத்துக் கழிக்கிறேன். சோதனையில் திரும்பப் பெருக்குவதை எடுத்துவிட்டேன். எம்பிமேத் என்ற பைத்தான் லைப்ரரியில் 50 இலக்கத்துக்கு விடை வாங்கி டபிள்யூவோடு டபிள்யூவை ஒப்பிடுகிறேன். பழைய நாற்பது வரியை அதில் ஓட்டினேன். முதல் வரிசையிலேயே ஃபெயில்.