யோஷிகோ என்ற லீ ஷியாங்லான்

நேயர்களுக்கு வணக்கம். இன்று நான் பேசப்போகிற பாடகியும் வானொலியில் தொடங்கியவர்தான்.

யமகுச்சி யோஷிகோ 1920இல் சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில் பிறந்தார். பெற்றோர் ஜப்பானியர். அப்பா அங்கே ரயில்வே ஊழியர்களுக்குச் சீன மொழி கற்றுக்கொடுத்தார். மகளுக்கும் அது சொந்த மொழி போல வந்தது. சிறு வயதில் காசநோய் வந்து தேறியபோது, நுரையீரல் வலுப்படப் பாட்டுக் கற்கலாம் என்று ஒரு ரஷ்யத் தோழி யோசனை சொன்னாள். அந்தத் தோழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சூரியாவின் முக்டென் நகர வானொலி நிலையம் சீனப் பாடல்கள் பாட ஒரு பெண்ணைத் தேடியது. யோஷிகோ கிடைத்தார். அப்போது அவருக்குப் பதிமூன்று வயது. வைத்த பெயர், லீ ஷியாங்லான். 1938இல் ஜப்பானியர் நடத்திய மஞ்சூரியத் திரைப்பட நிறுவனம் அதே பெயரில் அவரை நடிகையாக்கியது. சீனர்களும் அவரைச் சீனப்பெண் என்றே நம்பினார்கள்.

1940இல் வந்த 'சீன இரவுகள்' படத்தில் ஒரு காட்சி. ஜப்பானியக் கதாநாயகன் அவரை அறைகிறான். அறை வாங்கிய பிறகு அவள் அவன்மேல் காதல் கொள்கிறாள். ஜப்பானில் அதைக் காதல் என்று ரசித்தார்கள். சீனர்களுக்கோ அடியும் அவமானம், அதன்பின் வந்த காதலும் அவமானம். ஜப்பானுக்கும் சீனாவுக்கும் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. எனக்கு இன்றும் மனம் கனக்கிற காட்சி.

ஆனால் குரலை யாராலும் வெறுக்க முடியவில்லை. 1944இல் பாடிய 'யே லாய் ஷியாங்', இரவில் மணக்கும் பூவைப் பற்றிய பாட்டு, ஷாங்காயில் வீடுவீடாக ஒலித்தது.

போர் முடிந்ததும் தேசத் துரோகி என்று ஷாங்காயில் கைது செய்தார்கள். சீனப்பெண் என்றால் மரண தண்டனையே கிடைக்கலாம். அப்போது வந்தாள் அந்த ரஷ்யத் தோழி. பெய்ஜிங்கில் இருந்த பெற்றோரிடமிருந்து குடும்பப் பதிவேட்டின் நகல் ஒரு பொம்மைக்குள் ஒளிந்து வந்து சேர்ந்தது. ஜப்பானியர் என்று நிரூபணம் ஆனது. துரோகக் குற்றம் இல்லை, ஆனால் சீனப் பெயரில் அந்தப் படங்களில் நடித்தது தவறு என்று சொல்லி விடுவித்தார்கள். 1946இல் கப்பல் ஷாங்காய்த் துறைமுகத்தைவிட்டு நகர்ந்தபோது, வானொலியில் அவருடைய 'யே லாய் ஷியாங்' கேட்டதாம்.

அப்புறம் ஜப்பானில் இயக்குநர் குரோசாவாவின் 'ஸ்கேண்டல்' படம், ஹாலிவுட்டில் ஷெர்லி யமகுச்சி என்ற பெயரில் சில படங்கள். 1958இல் நடிப்பை விட்டார். 1974 முதல் 18 ஆண்டுகள் ஜப்பான் நாடாளுமன்ற மேலவையில் இருந்தார்.

நான் அவரை மதிப்பது வேறு ஒன்றுக்காக. சின்னப்பெண், விவரம் தெரியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். தப்பிக்கவில்லை. அந்தப் படங்களுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஜப்பானிய ராணுவம் பாலியல் அடிமைகளாக வைத்திருந்த பெண்களுக்காக 1995இல் தொடங்கிய ஆசியப் பெண்கள் நிதியத்தில் துணைத் தலைவராகப் பணியாற்றினார். அது தொடங்கிய ஆண்டில் அவருக்கு வயது 75.

நன்றி, வணக்கம்.